முப்பத்தேழாம் பக்கத்து நட்சத்திரம்

என் வயதுக்காரர்களே, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடுகிறவர்களே, உங்களிடம் மட்டும்தான் இதை நேராகச் சொல்ல முடியும். மற்றவர்களிடம் என்றால் சினிமா நாவல் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. நான் விளக்கி முடிப்பதற்குள் கேட்டவருக்கு போன் வந்துவிடுகிறது.

உங்களுக்குத் தெரியும். படம் வந்த கையோடு அதன் கதையை யாரையாவது விட்டு நாவலாக எழுதச் சொல்லி, சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவில் அச்சடித்து, பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள். பாட்டுப் புத்தகம் இல்லை, வசனப் புத்தகம் இல்லை. நாவல். படத்தில் கதாநாயகி சும்மா ஜன்னலைப் பார்த்து நிற்பாள். நாவலில் அவள் அப்போது என்ன நினைத்தாள் என்று ஒன்றரைப் பக்கம் வரும். நடுவில் எட்டுப் பக்கம் புகைப்படங்கள். மை ஈஷி, அழுகிற பெண்ணுக்கும் மீசை முளைத்திருக்கும். படம் பார்த்தவர்களுக்கு ஞாபகத்துக்கு, பார்க்க விடாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமாதானத்துக்கு. நாங்கள் இரண்டாவது வகை.

அப்படி ஒரு புத்தகத்தை ஆறு வருடமாகத் தேடினேன். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக் காலையில் யாராவது 'அரிய பொக்கிஷம்' என்று அட்டையை மட்டும் படம் பிடித்துப் போட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிக்கொண்டிருப்பார். அந்தக் கைகூப்பும் பொம்மையை எனக்கு இதுவரை பதினேழு பேர் அனுப்பியிருக்கிறார்கள்.

படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எல்லோரும் கலருக்குப் போன பிறகு, கையில் காசில்லாத யாரோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஒரு சின்ன ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிற பெண். தினமும் பகல் மூன்று மணிக்கு ஒரு நம்பரிலிருந்து அழைப்பு வருகிறது. அப்படி ஒரு நம்பர் அந்த ஊரிலேயே கிடையாது. பேசுகிறவன் தன்னைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அவளைப் பற்றி மட்டும் கேட்கிறான். இவ்வளவுதான் கதை. கறம்பக்குடி தியேட்டரில் நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் சாமி படம் போட்டுவிட்டார்கள்.

நாலு நாள் ஓடிய அந்தப் படத்துக்கு இப்போது ரசிகர் மன்றம் இல்லாத குறைதான். இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் அறைக்குள் திரை கட்டிப் போடுகிறார்கள். 'அப்பவே இப்படி யோசிச்சிருக்காங்க' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். கிடைத்திருக்கிற ஒரே பிரதியில் கடைசிப் பத்து நிமிடம் இல்லை. டெலிபோன் மணி அடிக்கிறது, அவள் திரும்புகிறாள், திரை வெள்ளையாகிவிடுகிறது. அதைக் கொண்டாடுகிறார்கள். அப்படிப் படம் காட்டுகிற ஒரு தம்பியிடம் போனில் சொல்லிப் பார்த்தேன்.

"அது ஓப்பன் எண்டிங் மேடம். டைரக்டரோட மாஸ்டர் ஸ்ட்ரோக்."

"இல்லப்பா. ரீல் போச்சு. அவ ட்ரான்ஸ்ஃபர் வாங்கிக்கிட்டு வேற ஊருக்குப் போயிடுவா. நாவல்ல இருக்கு, நான் படிச்சிருக்கேன்."

"ட்ரான்ஸ்ஃபரா?" அவன் குரலில் அப்படி ஒரு ஏமாற்றம். நான் ஏதோ அவன் வீட்டுப் பெண்ணை மாற்றல் போட்டுவிட்ட மாதிரி. "யாரு கால் பண்ணான்னு தெரியாதா?"

"நாவல்லயும் சொல்லல."

"ஆதாரம் எதுவும் இருக்கா மேடம்?"

ஆதாரம். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வலது கண் துடிக்கும். ஏனென்றால் நான் ஆதாரக்காரர் வீட்டில் பிறந்தவள்.

அப்பா பத்திர எழுத்தர். கறம்பக்குடியில் வேலி, வரப்பு, கிணற்றில் கால் பங்கு, தென்னையில் பாதி என்று யாருக்குள் என்ன பிரிந்தாலும் அது அப்பாவின் பேனா வழியாகத்தான் பிரியும். எழுத்து முத்துமுத்தாக இருக்கும். அதைவிடப் பெரிய பெயர் அவருக்குக் கையெழுத்துப் பார்ப்பதில். பழைய பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார், கைரேகை பார்க்கிறது. அதைப் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, "இது அவரு கை இல்லங்க. இது உக்காந்து போட்ட கையெழுத்து, அவரு நின்னுக்கிட்டுத்தான் போடுவாரு" என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு தடவை சொல்லிவிட்டால் கோர்ட்டுக்குப் போகிறவர்கள்கூடத் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு.

அந்தக் கோடை விடுமுறையில் அக்கா பிளஸ் டூ எழுதி முடித்துவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தாள். நான் ஆறாம் வகுப்பு. அக்காவுக்கும் எனக்கும் ஏழு வயது வித்தியாசம். அவள் எல்லாவற்றிலும் முதல். நான் தமிழில் முப்பத்தெட்டு மார்க்; பிற்பாடு கவிதை எழுதப்போகிறவள். புதுக்கோட்டையில் பெண்கள் கல்லூரியில் சேர வேண்டும், விடுதியில் தங்க வேண்டும், படித்துவிட்டு சம்பளம் வாங்குகிற ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அவள் கணக்கு. அம்மாவிடம் சொல்லி, அம்மா அப்பாவிடம் சொல்லி, அப்பாவும் தலையை ஆட்டியாகிவிட்டது. அப்பா தலையை ஆட்டுவது ரிஜிஸ்தர் ஆன மாதிரி.

தியேட்டர் பக்கம் மட்டும் போகக்கூடாது. அதற்குப் பதிலாகத்தான் வாடகைப் புத்தகக் கடை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கும் பூட்டுச் சாவிக்காரருக்கும் நடுவில், ஒரு கதவு அகலத்தில் இருந்தது. கடைக்காரர் புதுப் புத்தகம் வந்ததும் முதல் வேலையாக அட்டையைக் கிழித்துவிடுவார். கிழித்துவிட்டுக் காக்கித் தாளில் பைண்டு பண்ணி முதுகில் நம்பர் ஒட்டுவார். அட்டைப்படம் இருந்தால் வீட்டில் பெரியவர்கள் சத்தம் போடுவார்கள், காக்கி அட்டை என்றால் ஏதோ பள்ளிக்கூடத்துப் புத்தகம் என்று விட்டுவிடுவார்கள் என்பது அவர் ஞானம். நம்பரும் வருடாவருடம் மாறும். ஆகவே எது படித்த புத்தகம், எது படிக்காதது என்று வெளியிலிருந்து பார்த்து யாருக்கும் தெரியாது.

அதற்குத்தான் அடையாளம். உங்கள் ஊரிலும் இருந்திருக்கும். வாடகைக்குப் படிக்கிற பெண்கள் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பக்கம் வைத்திருப்பார்கள். கம்பவுண்டர் வீட்டு அம்மா பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவார். தபாலாபீஸ் வீட்டு அக்கா ஐம்பதாம் பக்கத்து ஓரத்தை நகத்தால் கீறுவார். கடையில் புத்தகத்தை வாங்கியதும் கதையைப் பார்க்கமாட்டார்கள்; தன் பக்கத்தைப் பார்ப்பார்கள். குறி இருந்தால் படித்தாகிவிட்டது, வேறு கொடுங்க. ஒருத்தர் குறியை இன்னொருத்தர் தொடக்கூடாது. எழுதி வைக்காத சட்டம். ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பேசாமலே ஒரே புத்தகத்துக்குள் ஆளுக்கொரு மூலையில் குடியிருந்தார்கள்.

அக்காவின் பக்கம் முப்பத்தேழு. பக்க எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். கொசுமுட்டை மாதிரி, மெல்லிய பென்சிலில்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கி வருவது என் வேலை. அப்படியே மாவு மில்லுக்கும் போக வேண்டும். ஒரு கையில் டின், இன்னொரு கையில் புத்தகம். மில்லில் மிளகாய் அரைத்த பிறகு மாவு அரைக்க மாட்டார்கள், கல்லைத் தட்டிச் சுத்தம் பண்ணுகிறவரை உட்கார வேண்டும். அங்கேதான் நான் படித்தேன். பெல்ட் அடிக்கிற சத்தத்தில் கட்டடமே பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். சூடான கோதுமை வாசம், அதன் அடியில் மிளகாய் நெடி. இன்றைக்கும் எனக்குக் காதல் காட்சி என்றால் தும்மல் வரும். தமிழில் முப்பத்தெட்டு மார்க் வாங்குகிற பிள்ளை இருநூறு பக்க நாவலை இரண்டு டின் மாவு அரைக்கிற நேரத்தில் முடிக்கும் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் அடி. பாடத்தைப் படிக்காமல் இதைப் படித்ததற்கு ஒன்று, கண்ட கதையைப் படித்ததற்கு ஒன்று, பொய் சொன்னதற்கு ஒன்று.

படித்து முடித்ததும் எனக்கும் ஓர் அடையாளம் வேண்டும் இல்லையா. வேறு பக்கம் தேர்ந்தெடுத்திருக்கலாம். எத்தனை பக்கம் காலியாகக் கிடந்தது. நான் அக்காவின் பக்கத்துக்குத்தான் போனேன். அவள் வட்டத்துக்குப் பக்கத்தில், ஒட்டாமல், ஒரு நட்சத்திரம். டின்னில் பெயர் எழுதுவதற்காக மில்லில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த தடித்த பென்சில். தச்சர்கள் காதில் வைத்திருப்பார்களே, அது. மில் அதிர்கிற அதிர்வில் கை நடுங்கும். அதனால் அழுத்திப் போடுவேன்.

அக்கா கண்டுபிடித்துவிட்டாள். என்னை அல்ல, நட்சத்திரத்தை. ஏற்கெனவே படித்த புத்தகம் ஒன்று தவறி மறுபடி கையில் வந்தபோது பார்த்திருக்கிறாள்.

"ஏய், இங்கிட்டு வா. யாருடி இது, நான் படிச்சத எல்லாம் எனக்குப் பின்னாலயே படிக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்."

"கடையில யாரு வாங்குறான்னு பாத்தியா?"

"நெறைய பேரு வாங்குறாங்க."

அவள் புத்தகத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். கோபமாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு உள்ளே குறுகுறுவென்று ஒரு பெருமை. நான் இருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது, நான்தான் என்று தெரியவில்லை. பதினொரு வயதில் இதைவிடப் பெரிய சொத்து என்ன.

அந்த வாரம்தான் தியேட்டரில் டெலிபோன் படம். பஸ் ஸ்டாண்டில் போஸ்டரை மட்டும் பார்த்தோம். நாவல் வந்ததும் அக்கா ஒரே மூச்சில் படித்தாள், வட்டம் போட்டாள். நான் மில்லில் படித்தேன், நட்சத்திரம் போட்டேன். பத்து நாள் கழித்து அவளே அதை மறுபடி வாங்கி வரச் சொன்னாள். படித்த புத்தகத்தை ஏன் என்று நான் கேட்கவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது முப்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தேன். என் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அக்கா ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

சின்னக் கேள்விக்குறி. கீழே அந்தப் புள்ளி இருக்கிறதோ இல்லையோ என்கிற மாதிரி.

எனக்கு வந்த முதல் கடிதம் அதுதான். பதில் போடாமல் எப்படி இருப்பது? என்ன பதில் போடுவது என்றும் தெரியவில்லை. பெயர் எழுதினால் அடி. அதனால் இன்னும் இரண்டு நட்சத்திரம் போட்டேன். நல்லா அழுத்தி.

மூன்றாவது தடவையும் அக்கா அதே புத்தகத்தை வாங்கி வரச் சொன்னாள். இந்தத் தடவை அவள் கதையைப் படித்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை. முப்பத்தேழாம் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்துக்கொண்டு, உதட்டை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். அப்பா பஸ் ஏறிப் போய்க் கல்லூரி விண்ணப்பம் வாங்கி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குளித்து, திருநீறு பூசி, நிலப் பத்திரம் எழுதுகிற அதே பேனாவால் அக்காவின் பெயரை எழுதினார். அவ்வளவு அழகான விண்ணப்பத்தை அந்தக் கல்லூரி பார்த்திருக்காது. பார்க்கவும் இல்லை. எழுதி முடித்து, தாள் சுருண்டுவிடாமல் இருக்க அழுத்தி வைக்க ஏதாவது கொடு என்று கையை நீட்டினார். அக்கா மடியில் இருந்த காக்கிப் புத்தகத்தைக் கொடுத்தாள். வேறு எதையாவது கொடுத்திருக்கலாம். அகராதி இருந்தது, பஞ்சாங்கம் இருந்தது. அடிக்கடி திறந்த பக்கத்தில்தான் புத்தகம் தானாகத் திறக்கும். திறந்தது.

அப்பா விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"வட்டம் யாரு போட்டது?"

"நான்தாம்ப்பா. படிச்ச அடையாளத்துக்கு."

"இந்தக் கேள்விக்குறி?"

அக்கா தாவணி நுனியை முறுக்கினாள்.

"கேக்குறேன்ல."

"நான்தான்."

"நட்சத்திரம்?"

"தெரியாதுப்பா."

"தெரியாதவன்கிட்டதான் கேள்வி கேட்டியா?"

அம்மா சமையல்கட்டிலிருந்து ஈரக்கையோடு வந்து, "என்னங்க, புள்ள ஏதோ கிறுக்கியிருக்கு, விடுங்க" என்றாள். அப்பா நிமிரவில்லை. பத்திரம் பார்க்கிற அதே அமைதி. சத்தமே போடவில்லை, அதுதான் பயம்.

"இது வீட்டுப் பென்சில் இல்ல. வேலை பாக்குறவன் பென்சில், தடிச்ச முனை. அழுத்தத்தப் பாரு, பின்பக்கம் எழும்பி நிக்குது. பொம்பளைப் புள்ளைக்கு இந்த அழுத்தம் வராது." கண்ணாடியை மடித்தார். "ஆம்பளை கை."

எல்லாம் சரி. வீட்டுப் பென்சில் இல்லை, சரி. தடித்த முனை, சரி. அழுத்தம், சரி. ஒவ்வொன்றையும் சரியாகப் பார்த்து அடியோடு தப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவருடைய நாற்பது வருடத் தொழிலும் அந்த ஒரு நிமிடத்தில் என் அக்காவுக்கு எதிராக வேலை செய்தது.

நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். 'நான்தாம்ப்பா' என்று நான் சொல்லியிருக்க இரண்டு நொடி போதும். அக்கா ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள், சும்மா, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பார்க்கிற பார்வை. நான் என் கால் விரலைப் பார்த்தேன். மூன்று அடியை நினைத்துப் பயந்தேன். மூன்றே அடி.

அப்பா நேரே வாடகைக் கடைக்குப் போனார். எங்கிட்டும் போகாமல் கூட வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அக்காவுக்கு அடுத்தபடி அந்தப் புத்தகத்தை எடுத்தது யார், நோட்டைக் காட்டு என்றார். கடைக்காரர் நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க பெரியவங்க. யாரு என்ன படிக்கிறாங்கன்னு நான் வெளிய சொன்னா, நாளைக்கு இந்தக் கடைக்கு ஒரு பொம்பளை வரமாட்டாங்க. மன்னிச்சுக்கங்க."

அவர் காட்டியிருந்தால் வெறும் நோட்டுதான். அக்காவுக்கு அடுத்து அக்காவே இருப்பாள். காட்டாததால் அப்பாவுக்கு இன்னும் உறுதியாகிவிட்டது: மறைக்கிறான் என்றால் இருக்கிறான். நல்ல மனுஷன் ஒருவர் கண்ணியமாக நடந்துகொண்டதும் அக்காவுக்கு எதிராகத்தான் போய் முடிந்தது. இந்தக் கதையில் எல்லோரும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள், என்னைத் தவிர. நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

புத்தகம் வெந்நீர் அடுப்புக்குப் போனது. விண்ணப்பம் எங்கே போனது என்று தெரியாது. கடைசித் தேதி கடந்த பிறகு யாரும் அதைத் தேடவில்லை. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை மணமேல்குடி, கட்டுமாவடியில் மீனுக்கு ஐஸ் போடுகிற ஐஸ் கம்பெனி. அத்தான் குணத்தில் தங்கம், அதில் குறை சொல்ல மாட்டேன். அப்பா சாகிறவரைக்கும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் மட்டும் அன்னைக்குக் கவனிக்கலன்னா..." காபியை ஆற்றிக்கொண்டே சொல்வார். நான் டம்ளரைக் கழுவப் போய்விடுவேன்.

எரிந்துபோன புத்தகத்தை எதற்குத் தேடுகிறாய் என்று கேட்பீர்கள். நியாயம். வேறு பிரதி ஒன்று கையில் இருந்தால், அக்கா முன்னால் வைத்து முப்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து ஆரம்பித்துவிடலாம் என்று நினைத்தேன். வெறுங்கையோடு போய் ஒரு மனுஷி எப்படி ஆரம்பிப்பாள்? இப்படித்தான் ஆறு வருடம் போயிற்று. அதற்கு முன்னால் முப்பத்தைந்து வருடம் எப்படிப் போயிற்று என்பதற்கு இந்தச் சாக்குகூட இல்லை.

வாடகைக் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். கடைக்காரரின் மகளைக் கண்டுபிடித்தேன். "அப்பா போனதுக்கப்புறம் எல்லாத்தையும் கடலைக் கடைக்குப் போட்டுட்டோங்க. நல்ல தாளுன்னு சொன்னாங்க" என்றார். புதுக்கோட்டையில் பழைய பேப்பர் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் "போன வாரம்தாங்க போச்சு" என்பார். ஆறு வருடமாகப் போன வாரம்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு நூலகத்தில் பட்டியலில் இருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைப்பில் டெலிபோன் என்று வருவதால் அதைத் தொலைத்தொடர்பு அலமாரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. அங்கே கேபிள் பதிப்பது எப்படி என்று நாலு புத்தகம் இருந்தது. என் டெலிபோன்காரியைக் காணோம்.

கடைசியில் திருச்சியில் ஒரு சேகரிப்பாளர். கைகூப்பும் பொம்மை அனுப்பியவர்களில் பதினொன்றாவது ஆள். விற்கமாட்டார், தரமாட்டார், நகல் எடுக்க விடமாட்டார். வந்து பார்க்கலாம், இருபது நிமிடம். போனேன். வெள்ளைக் கையுறை கொடுத்தார். ஏசி போட்ட அறையில், கண்ணாடித்தாள் உறைக்குள்ளிருந்து எடுத்து வைத்தார். அட்டை. அந்த அட்டையை நான் பார்த்ததே இல்லை. நாங்கள் படிக்கும் முன்பே அது கிழிந்துவிட்டதே. ஹெட்போன் மாட்டிய பெண், பின்னால் ஊதா நிறத்தில் ஒரு நிழல்.

முப்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தேன்.

வெள்ளை. சுத்தம். வட்டம் இல்லை, கீறல் இல்லை, பெருக்கல் குறி இல்லை, எண்ணெய்க் கறை இல்லை. பக்கங்களின் ஓரம்கூடச் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் படிக்கவே இல்லை.

"மிண்ட் கண்டிஷன்ங்க" என்றார் அவர், பிள்ளைக்கு முதல் ரேங்க் வந்த மாதிரி.

"ஆமாங்க. பாவம்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கையுறையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான் அவ்வளவு ஆத்திரம் வந்தது. அவர் மேல் இல்லை. ஆறு வருடம் ஒரு காகிதத்தைத் துரத்தியிருக்கிறேன். சொல்ல வேண்டியது எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. மறுநாள் புதுக்கோட்டையில் பஸ் ஏறி, அறந்தாங்கியில் மாறி, கட்டுமாவடியில் இறங்கினேன். வெறுங்கை.

அக்கா ஐஸ் கம்பெனியில் இருந்தாள். அத்தானுக்கு முழங்கால் போன பிறகு அவள்தான் எல்லாம் பார்க்கிறாள். கோணிச் சாக்கு, உப்புத் தண்ணீர், இறால் நாற்றம், ஐஸ் கட்டியை நொறுக்குகிற மிஷின் சத்தம். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வா. போன் பண்ணிட்டு வர மாட்டியா? நண்டு எடுத்து வச்சிருப்பேன்ல."

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அந்தப் புஸ்தகத்துல ஸ்டாரு போட்டது நான்தான்."

"எந்தப் புஸ்தகம்?"

"முப்பத்தேழாம் பக்கம்."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நீயா."

"மாவு மில்லு பென்சிலு."

"கேள்விக்குறிக்கு அப்புறம் ரெண்டு இருந்துச்சே?"

"அதும் நான்தான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. உருகி ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறைவாள் என்று எதிர்பார்த்தேன்; அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பா ஆம்பளை கைன்னாரே" என்றாள்.

"அப்பா சொன்னா சரியாயிருமா அக்கா?"

"அவரு சொல்லி எது தப்பா இருந்துச்சு? நானும் அப்படித்தான் நம்புனேன். அவரு சொல்ற வரைக்கும் எனக்கு அது யாரோ. கெழவியா இருக்கலாம், டீச்சரா இருக்கலாம். ஆம்பளைன்னு சொல்லிக் குடுத்ததே அப்பாதான். சொன்னதும் பிடிச்சுக்கிட்டேன்."

"அக்கா..."

"இரு. கல்யாணத்தன்னைக்குப் பந்தியில ஒவ்வொரு எலையா நின்னு மொகத்தப் பாத்தேன். இவனா இருக்குமோ, அவனா இருக்குமோன்னு. அதுக்கப்புறம் தேடல. தேட வேண்டியிருக்கல. ஒங்க அத்தானோட சண்டை போட்ட அன்னைக்கு இருந்தான். மூத்தவன் பொறந்து காய்ச்சல்ல கெடந்தேனே, அப்ப இருந்தான். பேரு இல்ல, மொகம் இல்ல. ஒண்ணும் கேக்க மாட்டான். நான் படிச்சத எனக்கு அப்புறம் படிக்கிறவன், அவ்வளவுதான்." மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். "ஒரு பொம்பளைக்கு அது கம்மியா?"

நாற்பத்தோரு வருடமாக என் தப்பை ஒரே பக்கத்திலிருந்து பார்த்து வைத்திருக்கிறேன். அவளிடமிருந்து கல்லூரியை எடுத்துக்கொண்டேன் என்பது மட்டும்தான் என் கணக்கில் இருந்தது. அதற்குப் பதிலாக அவள் கையில் எதையோ கொடுத்திருக்கிறேன் என்றோ, இப்போது அதையும் பிடுங்கத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன் என்றோ எனக்கு எப்படித் தெரியும்?

"சொல்லணும்னுதான் இத்தன வருஷமா..."

"வருஷத்துக்கு நாலு தடவ வந்திருக்க. வந்து மீனு தின்ன, பிள்ளைகளோட கடலுக்குப் போன, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போன. சொல்ல வேண்டிய அன்னைக்கு வாயத் தொறக்கல, காலேஜு போச்சு. தொறக்காமலே செத்துருக்கலாம்ல? இன்னைக்கு வந்து தொறக்குற, அவனும் போயிட்டான். வாயி எப்பத் தொறக்கணும் எப்ப மூடணும்னு ஒனக்குத் தெரியவே தெரியாதாடி? நீயெல்லாம் என்ன கவிதை எழுதுற?"

அந்த நேரம் பார்த்து ஒரு படகுக்காரர் வந்து நின்றார். "அக்கா, நாலு பாரு வேணும்" என்றார். பாரு என்றால் முழு ஐஸ் கட்டி. அவள் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. எழுந்து போய், கொக்கி போட்டு இழுத்து, நாலையும் எண்ணிவிட்டு, "நேத்து எடுத்தது உருகிருச்சுன்னு நாளைக்கு வந்து நிக்காத, சாக்கப் போட்டு மூடு" என்று அவரையும் இரண்டு திட்டு திட்டி அனுப்பிவிட்டு வந்தாள். புடவைக் கரை நனைந்திருந்தது.

"எத்தன மணிக்கு ஒனக்கு பஸ்சு?"

"நாலரை."

"அதுல போகாத."

"நாளைக்கு எனக்கு..."

"நாளைக்கும் போகாத. நான் இன்னும் திட்டவே ஆரம்பிக்கல."

பையைத் தோளிலிருந்து இறக்கி, ஈரம் இல்லாத இடமாகப் பார்த்துக் கீழே வைத்தேன்.